சுவருக்குள் மறையும் குழாய்களில் கசிவைத் தடுப்பது எப்படி?

குளியலறையைப் புதுப்பிக்கும்போது குழாய் வேலையைத் தாமே செய்ய முடிவெடுத்திருக்கும் ஒருவர், சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்துவிடும் குழாய்களில் பிற்பாடு கசிவு வராமலிருக்க எந்த வகைக் குழாயையும் எந்த ஒட்டுப்பசையையும் வாங்குவது நல்லது என்று கேட்டிருக்கிறார். தரமான குழாய் அவசியம்தான். ஆனால் குழாயின் நடுப்பகுதி தானாக வெடித்துக் கசிவது நடைமுறையில் அரிது. நீர் வெளியேறுவது பெரும்பாலும் இணைப்புகளில். அதற்கு அடுத்தபடியாக, வேலையெல்லாம் முடிந்த பிறகு கண்ணாடி மாட்டுவதற்கோ துண்டு போடும் கம்பி பொருத்துவதற்கோ யாரோ துளையிட்ட இடத்தில். ஆகவே எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், எந்த இணைப்பைச் சுவருக்குள் விடலாம், எதை விடவே கூடாது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நான் பின்பற்றும் விதி எளிமையானது. ஸ்பேனராலோ கையாலோ கழற்றக்கூடிய எந்த இணைப்பும், கழற்ற வேண்டிய நாளில் கை எட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும். இரு குழாய்களை நட்டால் சேர்க்கும் யூனியன், நட்டை முறுக்கி உள்ளிருக்கும் வளையத்தை நெரிக்கும் கம்ப்ரஷன் இணைப்பு, தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் புஷ்-ஃபிட் வகை, இரு முனையிலும் ரப்பர் வாஷர் வைத்த வளையும் இணைப்புக் குழாய் ஆகிய எல்லாமே இதில் அடங்கும். ரப்பர் காலப்போக்கில் இறுகிப்போகும். நட்டு அதிர்வில் தளரும். வெளியில் இருந்தால் அரைச்சுற்று முறுக்கி முடித்துவிடக்கூடிய குறைக்காகச் சுவரை உடைக்க நேரும். ஒட்டுப்பசையால் ஒட்டியவை, சூட்டில் உருக்கி இணைத்தவை, ஈயப்பற்று போலப் பற்றவைத்தவை, உரிய கருவியால் நிரந்தரமாக நெரித்த பிரஸ் இணைப்புகள் ஆகியவற்றைச் சுவருக்குள் விடலாம். சில புஷ்-ஃபிட் தயாரிப்பாளர்கள் தங்கள் பொருளைச் சுவரில் புதைக்க அனுமதி தருவதுண்டு, நான் தருவதில்லை.

அனுமதிக்கப்பட்ட இணைப்புகளிலும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். முதன்முறை இந்த வேலையில் இறங்குபவர், குழாய் வீணாகக் கூடாதே என்ற எண்ணத்தில் மிஞ்சிய துண்டுகளையெல்லாம், இரு குழாய்களை நேராகக் கோக்கும் சாக்கெட் போட்டு நீட்டிக்கொண்டே போவார். அந்தத் துண்டுகளை சுவருக்கு வெளியே தெரியும்படி ஓடும் குழாய்க்கு ஒதுக்கிவிட்டு, மறையும் பகுதிக்கு முழு நீளக் குழாயை எடுங்கள். வளையக்கூடிய பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயோ, நடுவில் அலுமினியத் தகடு வைத்த பல அடுக்குக் குழாயோ பயன்படுத்துவதாக இருந்தால் மேனிஃபோல்டு முறையை யோசிக்கலாம்: கைக்கு எட்டும் ஒரு பெட்டியிலிருந்து ஒவ்வொரு குழாய்வாய்க்கும் (நீரைத் திறந்து மூடும் முனைக்கும்) தனித்தனிக் குழாய் ஒரே நீளமாகப் போகும், நடுவில் ஓர் இணைப்புகூட இராது. அதையே நெளிவுள்ள கான்டியூட் உறைக்குள் விட்டுவிட்டால், வளைவுகள் அகலமாக இருக்கும் பட்சத்தில், என்றாவது பழுதாகும்போது உள்குழாயை மட்டும் உருவி மாற்றலாம். வளைக்கும்போது மடிப்பு விழுந்த குழாயை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும். பெக்ஸ் குழாயை வெயிலில் நாள்கணக்கில் போட்டுவைப்பதும் கூடாது, ஏனெனில் புற ஊதாக் கதிர் அதன் வலுவைக் குறைக்கும்.

குழாய் பதிக்கச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுவது குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கல், பிளாக் சுவர்களில் செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. கான்கிரீட் தூண்களையும் உத்தரங்களையும் தொடவே வேண்டாம். குழாய் முழுதாக உள்ளே அமர்ந்து, அதன்மேல் குறைந்தது 10 முதல் 15 மி.மீ. கலவை மூடும் அளவுக்கு ஆழம் தேவை. அவ்வளவு ஆழம் கிடைக்காத மெல்லிய சுவராக இருந்தால் குழாயை வேறு வழியில் கொண்டுபோவதோ, முன்னால் ஒரு பொய்ச்சுவர் எழுப்புவதோ மேல். எந்தக் காரணம் கொண்டும் குழாயைக் குறுக்காகச் சாய்த்து ஓட்டாதீர்கள். குழாய்வாயிலிருந்து நேர் மேலேயோ, நேர் கீழேயோ, நேர் பக்கவாட்டிலோ மட்டும் குழாய் ஓடினால், பிற்காலத்தில் துளையிட வருபவர் வெளியில் தெரியும் குழாய்வாயைப் பார்த்தே எந்தப் பட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று ஊகித்துவிடுவார்.

இனி இணைப்புகளுக்கு வருவோம். வீட்டில் தாமே வேலை செய்பவர்கள் அதிகமாகக் கையாள்வது, வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி குழாயும் சால்வென்ட் என்று சொல்லப்படும் ஒட்டுப்பசையும்தான். பிவிசிக்கான பசையும் சிபிவிசிக்கான பசையும் வேறு வேறு. வெந்நீர்க் குழாயில் தவறான பசையைப் பூசினால் தொடக்கத்தில் ஒட்டியதுபோலவே இருந்து பிறகு சூட்டில் விட்டுப்போகும். பசை குழாயின் மேல்தோலைக் கரைத்து இரண்டு பரப்பையும் ஒன்றாக்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், செய்முறையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானே விளங்கும். வெட்டுமுகம் குழாய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். உட்புறப் பிசிறையும் வெளிப்புறப் பிசிறையும் நீக்கி, வெளி விளிம்பைச் சற்றுச் சாய்வாகச் சீவிவிட வேண்டும். விளிம்பு கூர்மையாக இருந்தால், குழாய் உள்ளே இறங்கும்போது அது பூசிய பசையையெல்லாம் வழித்துக்கொண்டு போய் அடியில் குவித்துவிடும். அப்போது ஒட்ட வேண்டிய பரப்பில் பசை இராது. பசை தேங்கிய இடத்திலோ குழாயின் சுவர் ஊறி மென்மையாகும். கத்தரி போன்ற கட்டரால் வெட்டும்போது, அதிலும் குளிர்ந்த அல்லது நாட்பட்ட குழாயை வெட்டும்போது, நுனியில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு. விரிசல் கண்டால், அது முடியும் இடத்திலிருந்து இன்னும் 5 செ.மீ. தள்ளி வெட்டி எடுத்துவிட வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் குழாயை உலர்ந்த நிலையில் இணைப்பானுக்குள் செருகிப் பார்க்க வேண்டும். சாக்கெட்டின், அதாவது குழாய் நுழையும் இணைப்பான் வாயின், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை எளிதாகப் போய், அதன்பின் இறுக வேண்டும். அடிவரை வழுக்கிக்கொண்டு போனாலோ ஆரம்பத்திலேயே முட்டி நின்றாலோ அந்தக் குழாயும் இணைப்பானும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. சாக்கெட்டின் முழு ஆழத்தைக் குழாய்மேல் பென்சிலால் குறித்துக்கொண்டு, குழாயின் வெளிப்புறத்தில் தாராளமாகவும் சாக்கெட்டின் உட்புறத்தில் மெல்லியதாகவும் பசையைப் பூசி, காய்வதற்குள் கால் சுற்று திருப்பியபடி குறிவரை அழுத்த வேண்டும். அழுத்தியவுடன் கையை எடுத்துவிடுவதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். சாக்கெட்டின் உட்புறம் அடி நோக்கிச் சற்று ஒடுங்கியிருப்பதால், பசை வழுவழுப்பாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் குழாய் மெதுவாகப் பின்வாங்கும்; 10 முதல் 30 நொடி வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சரியான இணைப்பின் வாயில் பசை ஒரு மெல்லிய வளையமாக, இடைவெளியின்றிச் சுற்றிலும் பிதுங்கி நிற்கும். வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் அங்கே பசை போதவில்லை என்று பொருள். வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் பூசி அதைச் சரிசெய்ய முடியாது, வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். டப்பாவில் பசை கூழாகத் திரண்டிருந்தால் அதைக் கரைத்துப் பயன்படுத்த முயலாதீர்கள். இணைத்த பிறகு எத்தனை மணி நேரம் கழித்து அழுத்தம் ஏற்றலாம் என்பது குழாயின் விட்டத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. அட்டவணை டப்பாமீதே அச்சாகியிருக்கும். மறையும் குழாய்க்கு, குறைந்த நேரம் போதும் என்று அட்டவணை சொன்னாலும், ஒரு முழு நாள் விட்டுவிடுவது என் வழக்கம்.

பாலிபுரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கான பிபிஆர் குழாயில் பசை கிடையாது. 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் குழாயையும் இணைப்பானையும் ஒரே நேரத்தில் உருக்கி ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். சூடேற்றும் நேரம் 20 மி.மீ. குழாய்க்கு 5 நொடி, 25 மி.மீ.க்கு 7 நொடி, 32 மி.மீ.க்கு 8 நொடி. நேரம் குறைந்தால் தோல் மட்டும் ஒட்டும். கூடினால் உருகிய பொருள் உள்ளே வழிந்து துவாரத்தை அடைக்கும். செருகும்போது சுற்றக் கூடாது என்பதில் இது சிபிவிசிக்கு நேர் எதிரானது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்பவர்கள் பழக்கதோஷத்தில் திருப்பிவிடுவார்கள். குழாய்க்குள் சொட்டு நீர் இருந்தாலும் அது ஆவியாகி இணைப்பில் நுண்துளை உண்டாக்கும் என்பதால், பழைய குழாயோடு இணைக்கும் இடத்தில் நீரை முற்றிலும் வடித்த பிறகே சூட்டுக்கருவியை எடுக்க வேண்டும். தாமிரக் குழாயானால், பற்றவைப்பதற்காகப் பூசிய ஃபிளக்ஸ் பசையின் மிச்சத்தைப் பிறகு துடைத்துக் கழுவுவதும், சிமென்ட் கலவை நேராகப் படாதபடி குழாய்க்கு உறை போடுவதும் முக்கியம். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் புதிதாகச் சுவருக்குள் புதைப்பதற்கு இன்று எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மேலே சொன்ன விதிக்கு ஒரு தவிர்க்க முடியாத விலக்கு உண்டு. குழாய்வாய், ஷவர் கை, வெந்நீரையும் குளிர்நீரையும் கலக்கும் மிக்சர் ஆகியவை வந்து அமரும் இடத்தில், திருகி இறுக்கும் மரை இணைப்பைத் தவிர்க்க முடியாது. அதுவும் டைலுக்குச் சற்றுப் பின்னால், பாதி மறைந்த நிலையில் அமரும். சுவர்க் கசிவுகளில் நான் அதிகம் சந்தேகிப்பது இந்த ஓரங்குலப் பகுதியைத்தான். இங்கே மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. முதலாவது, குழாயைச் செங்கோணத்தில் திருப்பும் இணைப்பானான எல்போவை ஆழமாகப் பதித்துவிடுவது. பூச்சு, டைல் ஒட்டும் கலவை, டைல் ஆகிய மூன்றின் தடிமனையும் முன்கூட்டியே கூட்டிப் பார்க்காமல் வெறும் செங்கல் முகத்தோடு சமமாக எல்போவைப் பதித்தால், டைல் முடிந்தபின் அது 25 அல்லது 30 மி.மீ. உள்ளே போய்விடும். குழாய்வாயின் மரை எட்டாது. அதற்கென எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்ற, இரு முனையிலும் மரையுள்ள ஒரு நீட்டிப்புத் துண்டைப் போடுவார்கள். அந்த நிப்பிளோடு, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், இன்னொரு மரை இணைப்பு வந்து சேர்கிறது. குழாய்வாயை முறுக்கும்போது வெளி மரை இறுகுகிறதா, நிப்பிளின் உள் மரை சுழல்கிறதா என்பதைப் பார்க்க வழியில்லை. உள் மரை கசிந்தால் நீர் டைலுக்கு முன்னால் வராமல் பின்னால் இறங்கி, அடுத்த அறைச் சுவரில் ஓதமாகத் தெரியும். டைலின் ஒரு மாதிரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முடிவடைந்த சுவர் முகத்துக்கு நூல் கட்டி, எல்போவின் வாய் அந்த நூலோடு சமமாகவோ ஓரிரு மி.மீ. உள்ளடங்கியோ நிற்குமாறு பதித்தால் நிப்பிளுக்குத் தேவையே வராது. மறைவு வால்வுகளுக்கும் இதே கணக்குதான். அவற்றின் பிளாஸ்டிக் மூடியில் முடிவுற்ற சுவர் எங்கே வரலாம் என்று குறைந்த, அதிக எல்லைகளைக் குறித்தே அனுப்புகிறார்கள்.

இரண்டாவது தவறு, பிளாஸ்டிக் உள்மரைக்குள் உலோக வெளிமரையை முறுக்குவது. வெளிமரை நுனியிலிருந்து பின்னோக்கிப் பருத்துக்கொண்டே போவதால் முறுக்க முறுக்க அது ஆப்புபோல வேலை செய்யும். பிளாஸ்டிக் வாய் அன்றைக்குத் தாங்கிக்கொண்டு, மாதங்கள் கழித்துப் பிளக்கும். குழாய்வாய் வரும் எல்லா இடங்களிலும் பித்தளை மரை பதித்த எல்போவையே போட வேண்டும். டெஃப்லான் டேப்பை மரையின் முறுக்குத் திசையிலேயே, முதல் மரையை விட்டுவிட்டு, இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே உரிந்து சுருண்டு வெளியே வந்துவிடும். இறுக்கிய பிறகு குழாய்வாய் நேராக நிற்கவில்லை என்று கொஞ்சம் பின்னோக்கித் திருப்பினால் டேப்பின் அடைப்பு உடைந்துவிடும். நிலை தவறினால் முழுதாகக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, புது டேப் சுற்றித்தான் மறுபடி இறுக்க வேண்டும். எண்ணெய் கலந்த மரைப் பசைகளைச் சிபிவிசி அருகில் பயன்படுத்தாதீர்கள், அவற்றில் சில அந்தப் பிளாஸ்டிக்கில் விரிசலை உண்டாக்கக்கூடியவை. மூன்றாவது தவறு, எல்போவைச் சுவரோடு அசையாமல் பொருத்தாமல் விடுவது. பின்னாளில் குழாய்வாயை மாற்றும்போது பைப் ரெஞ்சின் விசை முழுவதும் எல்போவைத் திருக முயலும். அது ஒரு டிகிரி அசைந்தாலும் உள்ளே ஒட்டிய இணைப்பில்தான் அந்த முறுக்கு இறங்கும். காதுள்ள எல்போவைத் திருகால் சுவரோடு பிணைப்பது நல்லது. மிக்சருக்கான இரண்டு வாய்களையும் 150 மி.மீ. மைய இடைவெளியில், ரசமட்டம் வைத்து, ஒரே பட்டையில் பொருத்திப் பதிக்க வேண்டும்.

வெந்நீர்க் குழாய்க்குத் தனியாக ஒரு சொல். 4 மீட்டர் நீளக் குழாய் 40 டிகிரி சூடேறினால் தாமிரம் ஏறத்தாழ 3 மி.மீ.யும், சிபிவிசி 10 மி.மீ.யும், இழை அடுக்கு இல்லாத பிபிஆர் 24 மி.மீ.யும் நீளும். கலவையில் இறுகப் பதிந்த நேர்க்குழாய் நீள முடியாது, அந்த விசையைக் குழாயின் உடலே தாங்கிக்கொள்ளும். அதைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. சிக்கல், குழாய் சுதந்திரமாக ஓடும் பகுதியிலிருந்து சுவருக்குள் நுழையும் இடத்திலும், நீளமான நேர்க்குழாயின் முடிவில் நிற்கும் எல்போவிலும் வருகிறது. சுவரையும் தளத்தையும் ஊடுருவும் இடத்தில் ஒரு பெரிய குழாய்த்துண்டை உறையாக வைத்து அதனூடே விடுவதும், வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை போடுவதும் இதைத் தணிக்கும்.

இனி அழுத்தச் சோதனை. வேலையில் எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம். மாடித் தொட்டியைத் திறந்துவிட்டு, எங்கும் ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டுப் பூசிவிடுவது சோதனை ஆகாது. 10 மீட்டர் உயரத்து நீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். மேல்மாடியில் தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் ஷவரில் அது வெறும் 0.3 பார்தான். அரைகுறையாக ஒட்டிய இணைப்பு அந்த அழுத்தத்தில் நீண்ட காலம் அமைதியாக இருந்துவிட்டு, என்றாவது அழுத்தம் கூட்டும் பம்பு ஒன்றைப் பொருத்தும் நாளில் கசியத் தொடங்கும். கைப்பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த சோதனைக் கருவியை வாடகைக்காவது எடுத்து, குழாயமைப்பு காணக்கூடிய அதிகபட்ச வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். பம்பு இருந்தால் எல்லாக் குழாய்வாய்களும் மூடியிருக்கும்போது அது தரும் உச்ச அழுத்தமே வேலை அழுத்தம். கூடவே, அமைப்பில் உள்ள எந்தப் பாகத்தின் தாங்குதிறனையும் அது மீறக் கூடாது. வாட்டர் ஹீட்டரைப் பிரித்துவைத்துவிட்டு, அந்த இடத்தில் குளிர்நீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் ஒரு இணைப்புக் குழாயால் கோத்துவிட்டால் இரண்டையும் ஒன்றாகச் சோதிக்கலாம். முனைகளை வால்வுகளை நம்பி மூடாமல் பிளக் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் முள் இறங்கும்போது கசிவது இணைப்பா வால்வா என்று தெரியாது.

நீரை மெதுவாக ஏற்றி, மிக உயரத்தில் உள்ள பிளக்கைத் தளர்த்திக் காற்றை முழுதும் வெளியேற்ற வேண்டும். நீர் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் காற்று சிக்கியிருந்தால், சில சொட்டு நீர் வெளியேறியும் காற்று விரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்வதால் அழுத்தமானியின் முள் அசைந்தும் அசையாமலும் நிற்கும். காற்றே இல்லாத குழாயில் அதே சில சொட்டுகள் முள்ளைக் கண்முன் இறக்கிவிடும். பிளாஸ்டிக் குழாய் முதலில் அழுத்தம் ஏறியதும் இலேசாக விரிவதால் தொடக்கத்தில் முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. மீண்டும் ஏற்றி, நிலைபெற்ற பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். வெயில் பட்டுச் சூடாகும் குழாயில் முள் மேலேறும், இரவின் குளிரில் இறங்கும். ஆகவே ஒரே வெப்பநிலையில் எடுத்த அளவுகளைத்தான் ஒப்பிட வேண்டும். முள்ளை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். நீருக்குப் பதிலாகக் காற்றடித்துச் சோதிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பிவிசி, சிபிவிசி குழாய்களில் அதைச் செய்யவே கூடாது; அழுத்திய காற்றில் தேங்கிய ஆற்றல், குழாய் உடையும் நொடியில் துண்டுகளைக் குண்டுகள்போல் வீசியடிக்கும்.

சோதனை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடாமல், இரண்டு மூன்று பார் அழுத்தத்தோடு அப்படியே விட்டுவைத்துப் பூச்சும் டைலும் செய்யச் சொல்லுங்கள். கொத்தனாரின் ஆணியோ டைல் வெட்டும் இயந்திரமோ குழாயைத் தொட்டால் அன்றைக்கே முள் விழும். யார், எங்கே, எப்போது என்ற வாதத்துக்கு இடமிராது. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் நீட்டிவைத்து, எண்கள் தெரியும்படி நேரெதிரே நின்று படமெடுங்கள். நாடா இல்லாத படம் குழாய் ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும்.

கழிவுக் குழாய்களில் அழுத்தம் இல்லை என்பதால் அவற்றை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிவு கொடுத்து, கீழ்முனையை அடைத்து, தரைத் துளையின் விளிம்புவரை நீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துவைத்துச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். தரைக்கு மேல்பூச்சு போடுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். குழாய்வாயைச் சுற்றி டைலில் வெட்டிய துளைக்கும் குழாய்க்கும் இடையில் உள்ள சந்தை, அழகுக்காக வைக்கும் பிளேஞ்சை மட்டும் நம்பி விடாமல், சிலிக்கோனால் அடைக்க வேண்டும். குளிக்கும்போது தெறிக்கும் நீர் அந்தச் சந்து வழியே உள்ளே போய்ச் சுவரை ஊறவைத்து, குழாய்க் கசிவு என்று பெயர் வாங்கித் தரும்.

என்றாவது சுவரில் ஓதம் தெரிந்தால், உடைப்பதற்கு முன் இந்த வேறுபாட்டைப் பாருங்கள். வீட்டில் யாரும் இல்லாத நாள்களிலும் ஓதம் இடைவிடாமல் படர்ந்தால் அழுத்தமுள்ள குழாயைச் சந்தேகிக்கலாம். எல்லாக் குழாய்வாய்களையும் மூடிவிட்டு நீர் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தாலோ, மீட்டர் இல்லாத இடத்தில் பழைய பிளக்குகளைப் போட்டு மறுபடியும் அழுத்தம் ஏற்றிப் பார்த்தாலோ உறுதியாகிவிடும். குளித்த பிறகு மட்டும் ஓதம் கூடி, இடையில் காய்ந்தால், கழிவுக் குழாயையோ டைல் இடுக்கின் கிரவுட்டையோ தரையின் நீர்த்தடுப்புப் பூச்சையோ ஆராய வேண்டும். வெந்நீர் பயன்படுத்தும் நாள்களில் மட்டும் வருமானால் ஹீட்டரிலிருந்து வரும் குழாயிலிருந்து தேடத் தொடங்குங்கள்.